பெற்றோருக்கான முதியோர் குடியிருப்பு: பாதுகாப்பை நேரில் சோதித்தறியும் முறை

கோயம்புத்தூரில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கமும், சென்னையில் தாம்பரம், கேளம்பாக்கம் பக்கமும் மூத்த குடிமக்களுக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் கடந்த இருபது ஆண்டுகளில் வெகுவாகப் பெருகியுள்ளன. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2021-இல் 13.6 சதவீதம் என்றும், 2031-இல் அது 18.2 சதவீதமாக உயரும் என்றும் மத்திய அரசின் கணிப்பு கூறுவதால், இவை இன்னும் பெருகும் என்றே எதிர்பார்க்கலாம். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் விளம்பரத்தைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சுற்றிப் பார்த்து, மதிய உணவையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு முன்பணம் கட்டிவிடுகின்றன. அந்த ஒரு வேளையில் கண்ணில் படுவது தோட்டமும் கோயிலும் நூலகமும்தான். பாதுகாப்பு அப்போது கண்ணில் படாது.

விளம்பரங்களில் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் வருபவை சுற்றுச்சுவர், வாயிற்காவலர், கண்காணிப்பு கேமரா ஆகிய மூன்றும்தான். இவை திருடனைத் தடுப்பதற்கானவை. முதியவருக்கு உண்மையில் நேரும் ஆபத்துகளோ குளியலறையில் வழுக்கி விழுவது, இரவில் சர்க்கரை அளவு இறங்கிப்போவது, மாத்திரை மாறிப்போவது, பக்கவாதமோ மாரடைப்போ வந்து குரல் எழுப்ப முடியாமல் கிடப்பது என்று பெரும்பாலும் கதவுக்கு உட்புறத்தில் நிகழ்பவை. ஆகவே எந்தக் குடியிருப்பையும் ஒரே அளவுகோலால் அளப்பது நல்லது. அறைக்குள் ஏதேனும் நேர்ந்துவிட்டால், தகுதியுள்ள ஒருவர் எத்தனை நிமிடத்தில் அருகில் வந்து நிற்பார், வந்தவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பதே அந்த அளவுகோல். கீழே சொல்லப்படும் சோதனைகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடுபவை.

புறப்படுவதற்கு முன்பு வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் தாய் தந்தையரின் இன்றைய நிலையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரவில் எத்தனை முறை எழுந்து கழிவறைக்குப் போகிறார், கடந்த ஓராண்டில் விழுந்திருக்கிறாரா, எத்தனை மாத்திரைகள் எடுக்கிறார், இன்சுலின் தாமே போட்டுக்கொள்கிறாரா, காது எவ்வளவு கேட்கிறது, அண்மையில் வழி தடுமாறியதுண்டா என்பன அதில் இருக்க வேண்டும். காது மந்தமான தந்தைக்கு ஒலியெழுப்பும் தீ எச்சரிக்கை மணியால் பயனில்லை. அவருக்கு ஒளிரும் எச்சரிக்கையோ, வந்து கதவைத் தட்டி எழுப்பும் ஆளோ வேண்டும். ஒருமுறை விழுந்தவர் மறுபடியும் விழும் வாய்ப்பு அதிகம் என்பதால், "அன்றைக்கு ஏதோ கால் இடறிவிட்டது" என்று பெற்றோர் சொல்வதை அப்படியே விட்டுவிடாமல் எப்போது, எங்கே, எழுந்திருக்க எவ்வளவு நேரமானது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

குடியிருப்புகளில் தாமே சமாளித்துக்கொள்வோருக்கானவை, குளிக்கவும் உடுத்தவும் துணை தேவைப்படுவோருக்கானவை, மறதிநோய் உள்ளோருக்கானவை என்று பல நிலைகள் உண்டு. இன்று 72 வயதில் நடைப்பயிற்சி போகும் அம்மாவுக்கு முதல் வகை போதும் என்று தோன்றும். ஆனால் அவர் அங்கே பத்து பதினைந்து ஆண்டுகள் வாழப்போகிறார். ஆகவே அடுத்த நிலைக்கான பராமரிப்பு அதே வளாகத்தில் உண்டா, இல்லையென்றால் அந்நிலை வரும்போது எங்கே அனுப்புவார்கள் என்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடலாம். "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் இடத்துக்கு நேரில் போகவே வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பெற்றோரின் விருப்பமும் பாதுகாப்பில் அடங்கும். விருப்பமில்லாமல் கொண்டுவந்து விடப்பட்டவர் அழைப்பு மணியை அழுத்த மாட்டார். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று தாமே எழப்பார்த்து விழுவார். பார்வையிடும் நாளில் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஆவணங்கள்

விற்பனைக்குள்ள திட்டமானால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், எட்டு வீடுகளுக்கு மேலோ 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ உள்ளவை ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும்; பதிவெண்ணைக் கேட்டு வாங்கி இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். மின்தூக்கிக்கு அரசின் மின் ஆய்வுத்துறை தரும் உரிமமும், கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் சான்றும், சமையற்கூடத்துக்கு 14 இலக்க எண் கொண்ட உணவுப் பாதுகாப்பு உரிமமும் இருக்க வேண்டும். வளாகத்திலேயே படுக்கைகளுடன் கூடிய சிகிச்சைப் பிரிவு இருக்கிறது என்றால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அது பதிவு பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். கோவை மேற்குப் பகுதியில் மலையடிவாரக் கிராமங்கள் பல ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருவதால், அங்கே அந்த அனுமதியும் தேவை. எல்லாச் சான்றுகளிலும் செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டகமிட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் சான்று காலாவதியாகியிருப்பது அரிதான காட்சியன்று.

இவற்றைவிட முக்கியமான கேள்வி, அன்றாடம் அந்த இடத்தை நடத்துவது யார் என்பதுதான். கட்டுநர் வீடுகளைக் கட்டி விற்றுவிட்டுப் போய்விடுவார். உணவு, செவிலியர், காவல் ஆகிய பணிகளை ஒரு சேவை நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் நடத்தும். பின்னர் உரிமையாளர் சங்கம் உருவாகி, மாதக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று அந்த நிறுவனத்தை மாற்றும் அல்லது செலவைக் குறைக்கும். செலவைக் குறைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவது இரவுப் பணியாளர் எண்ணிக்கையில்தான், ஏனெனில் இரவில் தூங்குகிறவர்களுக்கு அது தெரியாது. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கென ஒரு மாதிரி வழிகாட்டியை வெளியிட்டு, கட்டுநர், சேவை நிறுவனம், வீடு பெறுபவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தைப் பரிந்துரைத்தது. அது மாதிரி வழிகாட்டி மட்டுமே என்றாலும், அப்படியொரு ஒப்பந்தம் இங்கே உண்டா என்று கேட்பதற்கு நல்ல பிடிமானம். சேவை நிறுவனத்தின் ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது, இதுவரை எத்தனை முறை நிறுவனம் மாறியிருக்கிறது என்பவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

இடமும் வழியும்

மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பது போதாது. அடைப்பு நீங்கப் போடும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்; அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அதனால் இரவு 2 மணிக்கும் ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் கிடைக்கும் மருத்துவமனை எது, அங்கே சென்றுசேர எவ்வளவு நேரமாகும் என்பதே கேள்வி. வளாகத்தின் வரைபடத்தில் "10 நிமிடத்தில் மருத்துவமனை" என்று போட்டிருப்பது பெரும்பாலும் பகல்நேரக் கிளினிக்காக இருக்கும். மாலை நெரிசலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை அந்த வழியை நீங்களே வண்டியில் ஓட்டிப் பாருங்கள். இடையில் ரயில்வே கேட் இருந்தால், அது மூடியிருக்கும்போது சுற்றிப் போக வேறு வழி உண்டா என்று பாருங்கள். 108 ஆம்புலன்ஸ் அங்கே வந்து சேர வழக்கமாக எவ்வளவு நேரமாகிறது என்பதை வளாக மேலாளரிடம் கேட்பதைவிட, அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டால் உண்மை தெரியும். வளாகத்துக்கென்று சொந்த ஆம்புலன்ஸ் இருக்கிறது என்றால், இரவில் ஓட்டுநர் வளாகத்துக்குள்ளேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். ஓட்டுநர் ஊருக்குள் வீட்டில் படுத்திருக்க, வண்டி மட்டும் வளாகத்தில் நிற்பதால் என்ன பயன்?

சென்னையைச் சுற்றியுள்ள இடமானால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று விசாரியுங்கள். பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்து, மின்சாரம் நாட்கணக்கில் இல்லாமல்போனது. விசாரிக்க வேண்டிய ஆள் விற்பனைப் பிரதிநிதி அல்லர். எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்காரரோ பால்காரரோதான். ஜெனரேட்டர் தரைமட்டத்திலோ கீழ்த்தளத்திலோ இருந்தால், தண்ணீர் வரும் நாளில் முதலில் செயலிழப்பது அதுவே. மின்தூக்கி, குடிநீர் மோட்டார், ஆக்சிஜன் கருவி, இன்சுலின் வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டி ஆகிய அனைத்தும் அதை நம்பியிருப்பதால், ஜெனரேட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது, டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருப்பு இருக்கும், தனி வீடுகளுக்குள் எந்தெந்தப் புள்ளிகளுக்கு அதன் மின்சாரம் வரும் என்று நேரில் பாருங்கள்.

கோவையில் கவலை வேறு. மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் காட்டு யானைகள் தோட்டங்களுக்குள் வருவது வழக்கம்; காட்டுப்பன்றியும் உண்டு. மலையடிவாரக் காற்றுக்காக அங்கே வீடு வாங்கியவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே நடைப்பயிற்சி போவது ஆபத்தாகலாம். வளாகத்துக்குள்ளேயே முழுச் சுற்று நடைபாதை, அதில் போதிய விளக்கு, யானை நடமாட்டம் பற்றி வனத்துறையிடமிருந்து வரும் தகவலைக் குடியிருப்போருக்குச் சொல்லும் ஏற்பாடு ஆகியவை இருக்க வேண்டும். தெருநாய்த் தொல்லை எல்லா ஊருக்கும் பொது என்பதால், வெறிநாய்க்கடித் தடுப்பூசி பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்பதையும் ஒருவரி குறித்துக்கொள்ளலாம். செல்பேசிச் சமிக்ஞை வரவேற்பறையில் முழுதாக இருந்து, நீங்கள் பார்க்கும் வீட்டின் குளியலறையில் இல்லாமல்போகலாம். உள்ளே நின்று ஓர் அழைப்பு செய்து பாருங்கள்.

வீட்டுக்குள், குறிப்பாகக் குளியலறைக்குள்

எதிர்பாராக் காயங்களால் ஏற்படும் மரணங்களில், உலக அளவில் சாலை விபத்துக்கு அடுத்த இடத்தில் விழுதல் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதில் பெரும்பங்கு 60 வயதைக் கடந்தவர்களுடையது. வீட்டைப் பார்க்கும் நேரத்தில் பாதியைக் குளியலறையில் செலவிட்டால் தவறில்லை.

மாதிரி வீட்டைப் பார்த்துத் திருப்தியடையாமல், நீங்கள் எடுக்கப்போகும் வீட்டின் குளியலறைக்கே போய், தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, சிறிது சோப்பும் தேய்த்து, வெறுங்காலுடன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். உலர்ந்திருக்கும்போது எந்தத் தரை ஓடும் வழுக்காது. ஊற்றிய தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடுகிறதா, கழிவறைப் பீங்கானின் முன்னால் தேங்குகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு பீங்கானில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைத் தேடுங்கள். கை தானாகப் போகும் இடத்தில் கம்பி இருக்க வேண்டும். உங்கள் முழு எடையையும் போட்டு இழுத்தாலும் அது அசையக் கூடாது. துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடி என்று காட்டுகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து அழைப்பு மணி. பெரும்பாலான இடங்களில் பித்தான் நிற்பவரின் தோள் உயரத்தில் இருக்கும். விழுந்து கிடப்பவருக்கு அது எட்டாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தொங்கும் இழுகயிறோ, கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் நீர்புகாத பித்தானோ இருந்தால்தான் பயன். தயக்கமில்லாமல் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டி எட்டுகிறதா என்று பாருங்கள். குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் அல்லது நகர்த்தும் கதவாக இருக்க வேண்டும், ஏனெனில் உள்ளே திறக்கும் கதவின் மேல் ஒருவர் விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறப்பது அவரையே நசுக்குவதாகும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய வகையா என்பதையும் சேர்த்துச் சோதியுங்கள்.

சக்கர நாற்காலி நுழையக் கதவு திறந்த நிலையில் 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். பால்கனிக்கும் துணி உலர்த்தும் இடத்துக்கும் போகும் வழியில் அரை அங்குலப் படிகூட இருக்கக் கூடாது. நம் வீடுகளில் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அம்மாக்கள் விழுகிறார்கள் என்பதை வளாகங்களை வடிவமைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். மின்பலகையில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை நிறுத்தும் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பித்தானை அழுத்துங்கள். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, படுத்தபடி எட்டும் சுவிட்சு, கால் தரையில் பதியும் உயரத்தில் கட்டில் ஆகியவற்றையும் பாருங்கள். மின்தூக்கியில் ஸ்ட்ரெச்சர் படுக்கைவாக்கில் நுழையுமா என்று அளந்து பாருங்கள். நுழையாது என்றால் மயங்கிக் கிடப்பவரை மூன்றாம் மாடியிலிருந்து எப்படி இறக்குவார்கள் என்று கேளுங்கள்.

மனிதர்களும் இரவும்

எவ்வளவு நல்ல பித்தானானாலும் மறுமுனையில் ஆள் இல்லாவிட்டால் வீண். பார்வையிடும்போது, அனுமதி பெற்றுக்கொண்டு, ஒரு பித்தானை அழுத்திக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று நான்கு நிமிடத்துக்குள் யாராவது வந்தால் நன்று. வருபவர் வாயிற்காவலரா, பணிப்பெண்ணா, செவிலியரா என்பதையும் கவனியுங்கள். பகலில் செய்த இச்சோதனையை இரவு 11 மணிக்கு மேல் இன்னொரு முறை செய்ய அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். விருந்தினர் அறையில் ஓரிரவு தங்கினால் இதற்கு வழி கிடைக்கும்.

"செவிலியர் 24 மணி நேரமும் உண்டு" என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு முடித்துச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவர் ஒருவகை. சில வாரப் பயிற்சி பெற்று அதே வெள்ளைச் சீருடை அணிந்த உதவியாளர் வேறுவகை. இருவரும் தேவைதான், ஆனால் இரவில் இருப்பவர் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். பதிவெண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. அப்படியே, இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை வளாகம் முழுவதற்கும் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு இதய இயக்க மீட்பு (சி.பி.ஆர்.) முதலுதவி தெரியும், ஒரே நேரத்தில் இரண்டு வீடுகளில் மணி அடித்தால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள்.

"இங்கே அந்த வசதி இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "இருக்கிறது" என்றே பதில் வரும். அதற்குப் பதிலாக, "கடைசியாக ஒருவர் இங்கே விழுந்தது எப்போது? யார் முதலில் பார்த்தார்? எத்தனை மணிக்கு மருத்துவமனைக்குப் போனார்? பிள்ளைகளுக்கு எப்போது தகவல் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். நூறு முதியவர்கள் வாழும் இடத்தில் யாருமே விழுவதில்லை என்று சொன்னால், ஒன்று அவர்கள் பதிவேடு வைப்பதில்லை, அல்லது உங்களிடம் மறைக்கிறார்கள். நடந்ததைத் தயங்காமல் சொல்லி, அதன்பின் எந்தப் படிக்கட்டில் கைப்பிடி வைத்தோம், எந்த விளக்கை மாற்றினோம் என்று காட்டும் மேலாளரை நான் கூடுதலாக நம்புவேன்.

இரண்டாவது முறை பார்க்கப் போகும் நாளைத் தீபாவளி அல்லது பொங்கல் வாரமாக அமைத்துக்கொள்ள முடிந்தால் மிகவும் நல்லது. சமையற்காரரும் உதவியாளர்களும் ஊருக்குப் போயிருக்கும் அந்த நாட்களில்தான் குடியிருப்பின் உண்மையான ஆள்பலம் தெரியும். உணவு நேரத்துக்கு வருகிறதா, செவிலியர் அறையில் ஆள் இருக்கிறாரா, வழக்கமான பராமரிப்பாளருக்குப் பதிலாக வந்தவருக்கு யாருக்கு என்ன மாத்திரை என்று தெரிகிறதா என்று பாருங்கள்.

பணியாளர் அனைவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு செய்யப்பட்டுள்ளதா, வீட்டின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, அதை எடுத்தால் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டுமா என்பவை பணம், நகை சார்ந்த பாதுகாப்பு. ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் பணியாளரிடம் கொடுத்துப் பணம் எடுத்துவரச் சொல்லும் வழக்கத்தை வளாகம் வெளிப்படையாகத் தடைசெய்திருக்க வேண்டும். காவல்துறை என்று சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கும் "டிஜிட்டல் கைது" அழைப்புகளுக்குத் தனியாக இருக்கும் முதியவர்களே எளிதில் இலக்காகிறார்கள் என்பதால், இணையக் குற்ற உதவி எண்ணான 1930 பெற்றோரின் தொலைபேசியருகே எழுதி ஒட்டப்பட்டிருக்கட்டும்.

மாத்திரையும் உணவும்

மாத்திரைகளைப் பெற்றோரே எடுத்துக்கொள்ளும்வரை சிக்கல் குறைவு. செவிலியர் கொடுக்கும் நிலை வந்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரிட்ட பெட்டி, கொடுத்த நேரத்தை எழுதும் தாள், மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பாளர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று செவிலியர் அறையில் நின்று பாருங்கள். பெயர் ஒன்றாக உள்ள இருவரை எப்படி வேறுபடுத்துகிறீர்கள் என்று கேளுங்கள். நம் ஊரில் ஒரே தளத்தில் மூன்று சீனிவாசன்களும் நான்கு லட்சுமிகளும் இருப்பார்கள்.

நீரிழிவு உள்ளவருக்கு உணவு நேரமே பாதுகாப்பு. பல வளாகங்களில் பணியாளர் வசதிக்காக இரவு உணவு ஏழு மணிக்கும் காலை உணவு எட்டு மணிக்கும் பரிமாறப்படுகின்றன. இடையில் பதின்மூன்று மணி நேரம் இடைவெளி. இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகள் எடுப்பவருக்கு விடியற்காலையில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கக்கூடும். படுக்கும்முன் பாலோ பிஸ்கட்டோ கிடைக்குமா, ஒருவர் உணவுக்கு வரவில்லை என்றால் அதைக் கவனித்து வீட்டுக்கதவைத் தட்டுவது யார் பொறுப்பு என்று கேளுங்கள். உணவுக்கூடத்தில் வருகையைக் குறிக்கும் எளிய பழக்கம் பல கேமராக்களைவிடப் பயனுள்ளது என்பேன்.

தீயும் பூட்டிய கதவும்

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த நோயாளிகள் வெளியேற வழியின்றி 28 பேர் இறந்தனர். இன்றைய முதியோர் குடியிருப்புகளை அதனோடு ஒப்பிட முடியாது. இருந்தாலும், தானாக எழுந்து ஓட முடியாதவர்களை ஒரு கட்டடத்தில் வைத்திருப்போர் தீயைப் பற்றி என்ன யோசித்து வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு தளத்திலும் அவசர வழியாக நீங்களே நடந்து கீழே இறங்கிப் பாருங்கள். அந்தக் கதவு பூட்டியிருந்தாலோ, படிக்கட்டில் பழைய மெத்தைகளும் சைக்கிளும் அடுக்கப்பட்டிருந்தாலோ, வேறெந்தச் சான்றிதழும் தேவையில்லை. தீயணைப்பானின் அழுத்தமானி பச்சையில் நிற்கிறதா, மறுநிரப்புத் தேதி தாண்டியிருக்கிறதா, கடைசியாக ஒத்திகை எப்போது நடந்தது, நடக்க முடியாதவர்களின் பட்டியல் காவலர் அறையில் இருக்கிறதா என்று பாருங்கள். சன்னல் கம்பிகள் முழுதும் மூடியவையானால் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் கவனிக்க வேண்டும். பூசைக்கு விளக்கேற்றும் பழக்கத்தை எந்த வயதிலும் விடமாட்டார்கள், விடச்சொல்வதும் நியாயமில்லை. ஆனால் ஆக்சிஜன் செறிவூட்டும் கருவி ஓடும் அறையில் திரியோ கற்பூரமோ எரியவே கூடாது. பூசை இடத்தை வேறு அறையில் அமைக்க முடியுமா, பொதுவான பூசையறை உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறதிநோய் உள்ளவருக்கு வாயிலில் கண்காணிப்பு அவசியம், ஏனெனில் அவர் "வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு சாலையில் இறங்கிவிடுவார். அதற்காக அவரை அறைக்குள் பூட்டுவதோ, நாற்காலியோடு கட்டுவதோ, தூக்க மாத்திரை கொடுத்து அடக்குவதோ பாதுகாப்பு ஆகாது. மனநோய் உள்ள எவரையும் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முழுமையாகத் தடைசெய்கிறது. இரவில் அமைதியின்றி நடமாடுபவரை எப்படிக் கையாளுகிறீர்கள் என்று கேட்டு, பதிலில் "பூட்டு" என்ற சொல்லும் "ஊசி" என்ற சொல்லும் எவ்வளவு விரைவாக வருகின்றன என்று கவனியுங்கள். அந்தப் பிரிவில் பிற்பகலில் நுழைந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் தலைசாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும் காட்சி நல்ல அறிகுறியன்று.

ஒப்பந்தமும் தங்கிப்பார்த்தலும்

ஒப்பந்தத்தை முழுதும் படித்து, படுத்த படுக்கையானால் என்ன ஆகும், மருத்துவமனைச் சேர்க்கையின்போது உடன் செல்வது யார், அங்கே முன்பணம் கட்டுவது யார், பிள்ளைகள் வந்துசேரும்வரை அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து யார் போடுவது, விலகினால் வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும் என்ற பகுதிகளைத் தனியாகக் குறியுங்கள். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஆபத்தைக் கூட்டுவதால், கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நிலை வரக் கூடாது. உள்ளூரில் உள்ள உறவினர் ஒருவரின் பெயரை எழுத்துமூலமாகச் சேர்த்துவிடுவது நல்லது. விபத்து எதுவானாலும் ஒரு மணி நேரத்துக்குள் தொலைபேசியிலும், மறுநாளுக்குள் எழுத்திலும் தெரிவிக்க வேண்டும் என்ற வரியை நீங்களே சேர்க்கச் சொல்லலாம். மறுக்கிறார்கள் என்றால் காரணத்தைக் கேளுங்கள்.

மேலாளர் உடன் இல்லாமல் குடியிருப்போருடன் அரைமணி நேரம் பேசுவதற்கு ஈடான சோதனை வேறில்லை. மாலையில் நடைபாதை இருக்கையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம், "உடம்பு சரியில்லாதபோது இங்கே எப்படி?" என்று மட்டும் கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். பிறகு வாடகை அடிப்படையில் ஒரு மாதம் தங்கிப்பார்க்க இடம் கேளுங்கள். அந்த மாதத்தில் நீங்கள் தொலைபேசியில் பேசும்போது "நன்றாக இருக்கிறாயா அப்பா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் பதில் வரும், நேற்று இரவு யார் பணியில் இருந்தார், மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், குழாய் பழுதைச் சொன்ன எத்தனையாவது நாளில் சரிசெய்தார்கள் என்று கேட்டால் அங்குள்ள நிலைமை புரியும்.

குடியேறிய பின் புகார் தீராமல் போனால் மூத்த குடிமக்கள் உதவி எண்ணான 14567-ஐ அழைக்கலாம். குடியேறும் நாளிலேயே மாத்திரைப் பட்டியல், ஒவ்வாமை விவரம், இரத்த வகை, காப்பீட்டு அட்டையின் நகல், உள்ளூர் உறவினர் இருவரின் எண்கள், விருப்பமான மருத்துவமனையின் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு படியை வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டி, இன்னொன்றைச் செவிலியர் அறையிலும் மூன்றாவதை வாயிற்காவலரிடமும் கொடுத்துவிடுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் மூன்று படிகளையும் மாற்ற வேண்டும்.